வீவக இன வரம்பு: நிரம்பிய புளோக்கில் உண்மையில் மாட்டிக்கொள்வது யார்?

#1 பேட்டைவாசி

மறுவிற்பனை வீடு பற்றிய இழை எதைத் திறந்தாலும் இந்தக் கேள்வி இருக்கிறது: "எங்கள் புளோக்கில் இந்தியர் கோட்டா முடிந்துவிட்டதாம், இனி விற்கவே முடியாதா?" அதற்கு வரும் பதில்களில் பாதி தலைகீழாக இருக்கிறது. ஒரே இடத்தில் பேசி முடித்துவிடலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் எண்கள். சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு எதுவானாலும், புதிதோ மறுவிற்பனையோ, இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு உட்பட்டது. இப்போது நடப்பில் உள்ள உச்சவரம்பு: சீனர் ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 87%, அந்தப் புளோக் இருக்கும் வட்டாரத்தில் 84%. மலாய்க்காரர் புளோக்கில் 25%, வட்டாரத்தில் 22%. இந்தியரும் "மற்றவர்" என்று பதிவாகும் இனத்தாரும் சேர்ந்து புளோக்கில் 15%, வட்டாரத்தில் 12%. வட்டாரம் என்றால் தெம்பனிஸ், ஈசூன் போன்ற முழு நகர் அல்ல. நகருக்குள் பிரித்திருக்கும் ஒரு பகுதி, அதற்குள்ளேயே பல ஆயிரம் வீடுகள் இருக்கும்.

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, குடும்பங்கள்: ஏழு பேர் இருக்கும் வீடும் ஒன்று, தனியாள் இருக்கும் வீடும் ஒன்று. புளோக், வட்டாரம் என்ற இரண்டு பூட்டும் திறந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. மூன்றாவதுதான் எல்லாரும் தவறவிடுவது. வரம்பு எட்டினால் அந்த இனத்தாருக்கு விற்பனையே நின்றுவிடாது. அந்த இனத்தின் பங்கை *மேலும் கூட்டும்* விற்பனை மட்டுமே நிற்கும். இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் இந்தியருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. இந்தியர் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் விற்கலாம், எண்ணிக்கை குறையும். சீனரோ மலாய்க்காரரோ இந்தியருக்கு விற்க முடியாது. தடை அவ்வளவுதான்.

ஆக, "இந்தியர் கோட்டா முடிந்துவிட்டது" என்பது இந்திய விற்பனையாளருக்குக் கெட்ட செய்தி அல்ல. அந்தப் புளோக்கில் வீடு தேடும் இந்தியர் அனைவரும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். அவர் அஞ்ச வேண்டிய நிலை வேறு: சீனர் வரம்பு எட்டிய புளோக்.

#2 கூட்டல்கழித்தல்

மேலே சொன்னதை எண்ணாகப் போட்டுப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு சுமை என்று தெரியும். 120 வீடு உள்ள புளோக் என்று வைத்துக்கொள்வோம்.

87% என்றால் 104.4. அதாவது 104 சீனக் குடும்பங்கள் வரை இருக்கலாம். 105ஆவது வந்தால் 87.5% ஆகிவிடும். மலாய்க்காரருக்கு 30 வரை, இந்தியர்-மற்றவருக்கு 18 வரை. இந்தப் புளோக்கில் இப்போது 104 சீனர், 6 மலாய்க்காரர், 10 இந்தியர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். மலாய், இந்தியர் வரம்புகள் இரண்டும் எட்டவே இல்லை. சீனர் வரம்பு மட்டும் நிரம்பிவிட்டது.

104 சீன விற்பனையாளர்களுக்கு ஒரு தடையும் இல்லை. சீனர், மலாய்க்காரர், இந்தியர் யாருக்கும் விற்கலாம். மீதி 16 வீட்டுக்காரர்கள் சீனருக்கு விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3%, மலாய்க்காரர் 13.5%, இந்தியர் 9.0%, மற்றவர் 3.2%. வாங்க வருகிறவர்களும் ஏறத்தாழ இதே விகிதத்தில் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டால், அந்த 16 பேருக்குக் கிடைக்கும் சந்தை நாலில் ஒரு பங்கு. பக்கத்து வீட்டுச் சீனருக்கு முழுச் சந்தை. ஒரே மாடி, ஒரே சதுரப் பரப்பு, ஒரே குத்தகைக் காலம்.

"நிரம்பியது சீனர் வரம்பு, அவதி சிறுபான்மையினருக்கு" என்பது இதைத்தான். கொள்கையின் எழுத்தில் இனப் பாகுபாடு இல்லை, மூன்று பிரிவுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் பெரும்பான்மையின் உச்சவரம்பு நிரம்பும்போது அதன் விலையைக் கொடுப்பவர் சிறுபான்மை விற்பனையாளர்.

இன்னொன்றும் இந்த எண்ணிலிருந்தே தெரியும். ஒரு சீனக் குடும்பம் இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோ விற்றுவிட்டுப் போனால் 104 என்பது 103 ஆகும், ஓர் இடம் திறக்கும். வட்டார வரம்பும் இடம் கொடுத்தால், அடுத்த புதுப்பிப்பில் மற்ற 16 பேருக்கும் சீனருக்கு விற்கும் வாய்ப்பு வரும். அதனால் ஒருமுறை "முடியாது" என்று பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மாதாமாதம் பார்க்க வேண்டும்.

#3 புதுசாவி

தெளிவாக இருக்கிறது, நன்றி. கணவன், மனைவி இருவருமே தமிழ்நாட்டிலிருந்து வந்த நிரந்தரவாசிகள் என்றால் இதே கணக்குத்தானா? இந்தியர் வரம்பு திறந்திருந்தும் "வாங்க முடியாது" என்று வீவக தளம் காட்டுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். எந்த நாளில் பார்க்க வேண்டும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பா பின்பா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

#4 பேட்டைவாசி

அது வேறு பூட்டு, புதுசாவி. 2010 மார்ச் 5 முதல் நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பு இருக்கிறது: புளோக்கில் 8%, வட்டாரத்தில் 5%. உரிமையாளர்களில் குடிமகன் ஒருவர்கூட இல்லாத குடும்பம் மறுவிற்பனை வீடு வாங்கும்போது இது பொருந்தும். மலேசியக் குடிமக்களான நிரந்தரவாசிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஜொகூரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கு இன வரம்பு ஒன்றுதான், திருச்சியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கு இன வரம்பு, நிரந்தரவாசி வரம்பு இரண்டும். இந்த இரண்டாவது நிரம்பியிருந்தால், இதே வரம்புக்குள் கணக்கிடப்படும் நிரந்தரவாசியிடமிருந்து மட்டும்தான் வாங்கலாம். இருவரில் ஒருவர் குடிமகனாகிவிட்டால் இந்தப் பூட்டு கழன்றுவிடும், இன வரம்பு மட்டும் மிஞ்சும். நிரந்தரவாசித் தகுதி கிடைத்து 3 ஆண்டு ஆனபிறகே மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்ற விதி 2013இலிருந்து இருக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எப்போது பார்ப்பது என்றால், விகிதம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. வீவக தளத்தில் அதற்கென்று ஒரு சேவைப் பக்கம் உண்டு. புளோக் எண், தெருப் பெயர், உங்கள் இனம், குடியுரிமை ஆகியவற்றைக் கொடுத்தால் யாரிடமிருந்து வாங்கலாம், யாருக்கு விற்கலாம் என்று சொல்லும். விழுக்காடு சொல்லாது. "இன்னும் எத்தனை இடம் பாக்கி" என்று எந்த முகவராவது சொன்னால் அது ஊகம்.

வரிசை இப்படி இருக்கட்டும். வாங்குகிறவர் முதலில் வீட்டுத் தகுதிக் கடிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 மே முதல் அது இல்லாமல் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமையைக் குறிப்பிட்ட நாள்வரை ஒதுக்கித் தரும் ஒப்பந்தம்) வாங்க முடியாது. விற்கிறவர் விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்து 7 நாள் கழிந்த பிறகே ஆப்ஷன் தரலாம். ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகக் கூடாது. கொடுத்த நாளிலிருந்து 21 நாள்காட்டி நாள்களுக்குள் வாங்குகிறவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். ஆப்ஷன் கட்டணமும் உறுதிப்படுத்தும் தொகையும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு இரு தரப்பும் மறுவிற்பனை விண்ணப்பம் போட வேண்டும். ஒருவர் போட்டால் மற்றவர் 7 நாளுக்குள் போட வேண்டும்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். ஆப்ஷன் வாங்கிய நாளில் வரம்பு திறந்திருக்கிறது, விண்ணப்பம் அடுத்த மாதம் போகிறது, நடுவில் 1ஆம் தேதி புதுப்பிப்பில் அது மூடிக்கொள்கிறது. விண்ணப்பம் போடும் நேரத்து நிலவரம்தான் செல்லும், ஆப்ஷன் நாளில் எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) செல்லாது. அதனால் வரம்பு நெருக்கமாக இருக்கும் புளோக்கில் 20ஆம் தேதிக்கு மேல் ஆப்ஷன் வாங்குவதைத் தவிர்க்கலாம். மாதத்தின் முதல் வாரத்தில் பார்த்து, ஆப்ஷன் வாங்கி, 21 நாளையும் இழுக்காமல் அதே மாதத்தில் விண்ணப்பத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

#5 ஈசூன்காரன்

கணக்கு சரி. இந்த விதி எதற்காக வந்தது என்பதையும் சொல்லாவிட்டால் புதிதாக வருகிறவர்கள் இதை வெறும் இடைஞ்சலாகவே பார்ப்பார்கள்.

வீவக 1960இல் தொடங்கியது. கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளிலும் கடைவீடுகளிலும் இனவாரியாக ஒட்டி வாழ்ந்தவர்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோது கலப்பு ஓரளவு தானாக நடந்தது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறை அது. மறுபடி தனித்தனிக் குடியிருப்புகள் உருவாகிவிடக் கூடாது என்ற அச்சம் உண்மையானது. ஆனால் 1970, 80களில் மறுவிற்பனைச் சந்தை வளர்ந்தது. மக்கள் சொந்தக்காரர் பக்கத்தில், பள்ளிவாசல் பக்கத்தில், கோயில் பக்கத்தில் வீடு தேடினார்கள். பிடோக்கிலும் தெம்பனிசிலும் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று மீண்டும் ஒதுங்கத் தொடங்கியது. செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி வாழ்ந்த இந்தியக் குடும்பங்களுக்கு ஈசூன்தான் அருகில் இருந்த புதுநகர், அங்கே போனது இயல்பு. யாரும் திட்டமிட்டுப் பிரியவில்லை. ஆயிரம் குடும்பங்கள் தனித்தனியாக எடுத்த நியாயமான முடிவுகள் சேர்ந்து ஒரு குவியலாகிவிட்டன.

அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். 1989 தொடக்கத்தில் அவர் இதை அறிவித்தார், மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. இந்தியச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அமைச்சரே இந்தியருக்கும் சேர்த்து வரம்பு அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

கவனிக்க வேண்டியது: அன்று வரம்பைத் தாண்டியிருந்த புளோக்குகளிலிருந்து யாரையும் வெளியேற்றவில்லை. விதி விற்பனையின்போது மட்டுமே வேலை செய்கிறது. ஒரே இனத்துக்குள் விற்பனை அன்றும் இன்றும் தடையில்லை. அதனால் இது விகிதம் மேலே ஏறாமல் பிடித்து வைக்கும், கீழே இறக்காது. வரம்பைத் தாண்டியிருந்த புளோக்கில் விற்பனை எல்லாம் அந்த இனத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தால் விகிதம் அப்படியேதான் நிற்கும்.

#6 சட்டப்பக்கம்

ஈசூன்காரன் சொன்ன காலத்தையொட்டி இன்னொரு நாட்டில் நேர்எதிர்த் தீர்ப்பு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்டாரட் சிட்டி என்று ஒரு குடியிருப்பு, 1970களின் நடுவில் திறந்தது. 46 கோபுரக் கட்டடங்கள், 5,881 வீடுகள், அரசு உதவியுடன் கட்டியது. வெள்ளையர் 64%, கறுப்பினத்தார் 22%, ஹிஸ்பானியர் 8% என்று இலக்கு வைத்து வாடகைக்கு விட்டார்கள். வெள்ளையர் மொத்தமாக வெளியேறிப் பேட்டை ஒரே இனமாகிவிடும், அதைத் தடுக்கவே இது என்பது நிர்வாகத்தின் வாதம். நடைமுறையில் கறுப்பினத்தார் காத்திருப்புப் பட்டியலில் வெள்ளையரைவிடப் பல மடங்கு காலம் கிடந்தார்கள். 1984இல் அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கலப்பைக் காப்பது நல்ல நோக்கமானாலும் சிறுபான்மையினரின் வாய்ப்புக்குக் காலவரையின்றி உச்சவரம்பு போடுவது 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் அதே கருவியைக் கையில் எடுத்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அங்கே உச்சவரம்பு சிறுபான்மையினரை மட்டும் தடுத்தது. இங்கே பெரும்பான்மைக்கும் உண்டு. அங்கே வாடகை, இங்கே உரிமை. அதனால் அங்கே பாதிப்பு உள்ளே வர முடியாதவருக்கு, இங்கே முக்கியப் பாதிப்பு வெளியே போக முடியாதவருக்கு. வீடு என்பது வெறும் கூரையாக இல்லாமல் குடும்பத்தின் ஓய்வுகாலச் சேமிப்பாகவும் இருக்கும் நாட்டில் இந்த இரண்டாவது பாதிப்பு சின்னதல்ல.

#7 நாலறை

பாதிப்பை மட்டும் பேசினால் எப்படி? இந்த விதி இல்லாவிட்டால் பொங்கோல், செங்காங் போன்ற புதுநகர்கள் எப்படி ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் இறுதிச் சடங்கு. மின்தூக்கியில் எல்லா மொழியும் கேட்கிறது. அக்கம்பக்கத் தொடக்கப்பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள புளோக்குகள் கலந்திருப்பதுதான் காரணம். நாட்டு மக்களில் முக்கால்வாசிக்கும் மேல் வீவக வீட்டில் இருக்கும்போது, வீட்டைக் கலக்காமல் வேறு எதைக் கலக்க முடியும்?

சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை 1980கள் காட்டிவிட்டன. விலையில் சில விழுக்காடு இழப்பைக் காரணம் காட்டி இதை எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதுதான் என் கவலை.

#8 கூட்டல்கழித்தல்

நாலறை, எடுத்துவிட வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் "சில விழுக்காடு இழப்பு" என்று கடந்துவிட முடியாது. அந்த இழப்பு எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. கலப்பினால் வரும் நன்மை நாட்டுக்கு, அதற்கான செலவு அந்தப் புளோக்கின் 16 வீட்டுக்கு. 2020களின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு புளோக்கும் 14% வட்டாரங்களும் ஏதாவதொரு இன வரம்பை எட்டியிருந்தன. மூன்றில் ஒன்று என்பது விதிவிலக்கு அல்ல.

வரம்புகளை நாட்டு விகிதத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனர் 74.3%, வட்டார வரம்பு 84%: பத்துப் புள்ளி இடைவெளி. மலாய்க்காரர் 13.5%, வரம்பு 22%: எட்டரைப் புள்ளி. இந்தியரும் மற்றவரும் சேர்த்து 12.2%, வரம்பு 12%. இடைவெளியே இல்லை. தொடக்கத்தில் இது இன்னும் குறுகலாக, வட்டாரத்தில் 10%, புளோக்கில் 13% என்று இருந்தது. 2000 கணக்கெடுப்பில் இந்தியர் 7.9%, மற்றவர் 1.4% என்று இருந்தவர்கள் 2010இல் 9.2%, 3.3% ஆனார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் 12%, 15% என்று உயர்த்தினார்கள்.

இந்த ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை வேண்டும். கணக்கெடுப்பு ஆட்களை எண்ணுகிறது, வரம்பு குடும்பங்களை எண்ணுகிறது. கணக்கெடுப்பில் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியிலும் தரைவீட்டிலும் இருப்பவர்களும் உண்டு. மலாய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வீவகவில் இருக்கிறார்கள், "மற்றவர்" பிரிவில் கணிசமானோர் தனியார் வீடுகளில். ஆகவே வீவகவுக்குள் இந்தியர்-மற்றவர் பங்கு 12.2ஐவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியும் மூன்று பிரிவில் மிகக் குறுகலான வாசல் இதுதான். ஈசூனிலோ உட்லண்ட்சிலோ இந்திய வாங்குநர் அலைவதற்குக் காரணம் அதுவே.

இன்னொரு நுணுக்கம். ஒரே புளோக்கில் சீனர் வரம்பும் இந்தியர் வரம்பும் ஒருசேர நிரம்ப முடியாது, 87ம் 15ம் கூட்டினால் 102. (1989க்கு முந்தைய, வரம்பைத் தாண்டிய புளோக்குகளில் ஒரு வரம்பே எல்லை மீறி இருக்கலாம், அது வேறு.) ஆனால் புளோக்கில் சீனர் வரம்பும் வட்டாரத்தில் இந்தியர் வரம்பும் ஒருசேர நிரம்பலாம். அப்போது மலாய் விற்பனையாளரின் நிலையைப் பாருங்கள். சீனருக்கு விற்க முடியாது, புளோக் தடுக்கிறது. இந்தியருக்கும் மற்றவருக்கும் விற்க முடியாது, வட்டாரம் தடுக்கிறது. மலாய்க்காரருக்கு மட்டுமே விற்கலாம். எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே கூடிய சந்தை. எனக்குத் தெரிந்து இந்த விதிக்குள் ஒருவர் அகப்படக்கூடிய மிக இறுக்கமான மூலைகளில் ஒன்று இது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

#9 வெண்டாமரை

கலப்புத் திருமணக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஒருமுறை எடுத்த முடிவை மாற்ற முடியாது.

கணவன் ஒரு இனம், மனைவி வேறு இனம் என்றால், வாங்கும்போது இருவரில் யாருடைய இனத்தையும் குடும்பத்தின் இனமாக எடுத்துக்கொள்ளலாம். இரட்டை இனப் பதிவு 2011 முதல் உண்டு. அடையாள அட்டையில் "இந்தியர்-சீனர்" என்று இருந்தால் முன்னால் இருப்பதே கணக்கு. வாங்கும்போது எந்த இனமாகப் பதிந்தீர்களோ அதே இனமாகத்தான் பிறகு விற்க வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

சீனர் வரம்பு நிரம்பிய புளோக். சீன விற்பனையாளர். வாங்குகிறவர்கள் தமிழ்க் கணவன், சீன மனைவி. முகவர் "எந்த இனமானாலும் வாங்கலாம், பிரச்சினை இல்லை" என்கிறார். வாங்குவதற்கு உண்மைதான். இந்தியராகப் பதிந்து வாங்கினால், பத்து ஆண்டு கழித்து அதே புளோக் இன்னும் நிரம்பியிருக்குமானால் சீனருக்கு விற்க முடியாது. சீனராகப் பதிந்து வாங்கினால் முழுச் சந்தையும் திறந்திருக்கும். இன்று ஒரே விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் வேலை, நாளைக்கு விலையைத் தீர்மானிக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குடும்பத்தின் மனம் சார்ந்தது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

#10 பேட்டைவாசி

வெண்டாமரை சொன்னதை மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

விற்க முடியாமல் நிற்பவர்களுக்கு என்ன வழி என்று தனியாகவும் கேட்டிருந்தார்கள். முதல் வழி வீவகவிடம் மேல்முறையீடு. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், மணமுறிவு, கடன் நெருக்கடி போன்ற சூழலில் விலக்கு தர இடமுண்டு. வேறு வீடு வாங்கிவிட்டுப் பழையதைக் கெடுவுக்குள் விற்க வேண்டியவர்களுக்குக் கூடுதல் அவகாசம் தருகிறார்கள். மூன்றாவது, 2022 மார்ச்சில் அறிவித்த திட்டம்: வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும். அதற்குக் குறைந்தது 10 ஆண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும், 6 மாதமாவது உண்மையாக விற்க முயன்றிருக்க வேண்டும், புளோக் வரம்பால் தடைபட்டிருக்க வேண்டும்.

அந்த 6 மாதத்தை நிரூபிக்கத் தாள் வேண்டும். விளம்பரம் வெளியான தேதி, கேட்ட விலை, விலையை இறக்கிய தேதிகள், பார்க்க வந்தவர்கள், அவர்கள் தர முன்வந்த விலைகள் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். சந்தைக்குப் பொருந்தாத விலையில் ஆறு மாதம் போட்டு வைத்தது முயற்சியாகக் கருதப்படாது.

விளம்பரம் போடும்போது இன்னொன்று. சீனருக்கு விற்க முடியாத வீடு என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துப் போட்டால் வரும் அழைப்புகளில் முக்கால்வாசி வீண், நாள் போகும். மலாய், தமிழ்க் குடும்பங்கள் தேடும் இடங்களில் விளம்பரம் செய்யும் முகவராகப் பார்த்து எடுங்கள். விலையை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். வீவக வெளியிடும் பரிவர்த்தனை விலைகளில் விற்றவர் இனம் இருக்காது. பத்தாவது மாடியில் போன மாதம் போன விலை முழுச் சந்தைக்கும் விற்கக்கூடியவர் பெற்ற விலையாக இருக்கலாம். அதையே தனக்கும் எதிர்பார்த்து முதல் மூன்று மாதத்தை இழந்துவிடுகிறார்கள்.

#11 புதுசாவி

விற்க முடியாவிட்டால் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிடலாமா? அதற்கும் இன வரம்பு இருக்கிறதா?

#12 வெண்டாமரை

வாடகையில் இன வரம்பு இல்லை, குடியுரிமை வரம்புதான். 2014 ஜனவரி முதல், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முழு வீட்டை வாடகைக்கு விடுவதற்குப் புளோக்கில் 11%, வட்டாரத்தில் 8% என்று உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோ மட்டும் விடலாம். அறையாக விட்டால் இந்த வரம்பு பொருந்தாது. பெரும்பாலான வீடுகளில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டு முடிந்த பிறகே குடிமக்கள் முழு வீட்டை விடலாம். உரிமையாளர்கள் நிரந்தரவாசிகள் என்றால் முழு வீட்டை விடவே முடியாது, அறை மட்டும்தான்.

இதனால் வரும் ஒரு விளைவைச் சொல்ல வேண்டும். வரம்பு எண்ணுவது உரிமையாளர் குடும்பத்தை. உள்ளே உண்மையில் குடியிருப்பவர் வேறாக இருக்கலாம். மின்தூக்கியில் பார்க்கும் முகங்களை வைத்து "இங்கே இந்தியர் வரம்பு நிரம்பியிருக்கும்" என்று கணிக்காதீர்கள்.

#13 நாலறை

கூட்டல்கழித்தலின் மலாய் விற்பனையாளர் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. வரம்பு இருக்கட்டும், அதில் நான் மாறவில்லை. ஆனால் 10 ஆண்டு, 6 மாதம் என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்து, அவசரமாக விற்க வேண்டிய இளம் குடும்பத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. வரம்பு இருப்பது நாட்டின் நன்மைக்கு என்றால், விலை வித்தியாசத்தை அந்த ஒரு குடும்பம் மட்டும் தாங்குவது முறையல்ல. வாங்கிக்கொள்ளும் காலத்தை 10 ஆண்டிலிருந்து குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டுக்கு இறக்கலாம் என்பதை ஏற்கிறேன்.

#14 கூட்டல்கழித்தல்

அதோடு, வாங்குகிறவருக்கு அந்தப் புளோக் எந்த வரம்பில் நிற்கிறது என்பதை ஆப்ஷன் படிவத்திலேயே அச்சிட்டுக் காட்ட வேண்டும். இப்போது அவர் தன் இனத்துக்கு "வாங்கலாம்" என்று வந்தால் போதும் என்று மூடிவிடுகிறார். அது வரும் வரை வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது: அதே சேவைப் பக்கத்தை விற்பனையாளராகவும் திறந்து, தன் இனத்தைக் கொடுத்து, இன்றே விற்பதாக இருந்தால் யாருக்கெல்லாம் விற்கலாம் என்று பாருங்கள். சீனர் என்ற வரி அங்கே மூடியிருந்தால், அந்தக் குறைவைப் பேரம் பேசும்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் 1ஆம் தேதிகளில் தொடர்ந்து பார்த்தால், அந்த வரி திறந்து மூடும் புளோக்கா, எப்போதும் மூடியே கிடக்கும் புளோக்கா என்பதும் தெரிந்துவிடும்.